புளோரிடாவின் ஆப்ரோ-ஹிஸ்பானிக் மக்கள்: கவுண்டிவாரிப் பரவலின் வரலாறு

ஆப்பிரிக்க வம்சாவளியும் ஸ்பானிய மொழிப் பண்பாடும் ஒருசேரக் கொண்ட மக்கள் ஆப்ரோ-ஹிஸ்பானிக் மக்கள் எனப்படுகின்றனர். ஆப்ரோ-லத்தீனோ என்ற சொல்லும் ஏறத்தாழ இதே பொருளில் வழங்குகிறது. ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையிலுள்ள புளோரிடா மாநிலத்தில் இவர்களது வரலாறு நானூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அம்மாநிலத்தின் 67 கவுண்டிகளிலும் இவர்கள் சீராகப் பரவியிருக்கவில்லை. செயின்ட் ஜான்ஸ், மன்றோ, ஹில்ஸ்பரோ, மியாமி-டேட், ஆரஞ்சு, ஒசியோலா ஆகிய சில கவுண்டிகளில் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு காரணங்களால் திரண்டனர். சில இடங்களில் நிலைத்தனர். சில இடங்களிலிருந்து அகன்றனர்.

இம்மக்களின் எண்ணிக்கையைத் தரும் அரசு அட்டவணைகளை அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது. "கறுப்பர்" என்ற பத்தியும் "ஹிஸ்பானிக்" என்ற பத்தியும் நெடுங்காலம் ஒன்றையொன்று விலக்கும் பெயர்களாகவே புரிந்துகொள்ளப்பட்டன. இரண்டிலும் அடங்கிய ஒருவர் ஏதேனும் ஒன்றில் மட்டுமே கணக்கில் வந்தார். ஆகவே ஒவ்வொரு கவுண்டியிலும் இவர்கள் எப்படி வந்து சேர்ந்தனர் என்பதுடன், எப்படிப் பதிவாயினர் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியுள்ளது.

கவுண்டி என்னும் அலகு

கவுண்டி என்பது அமெரிக்க மாநிலங்களின் உட்பிரிவு. நம் மாவட்டத்துக்கு ஒப்பானது என்றாலும், தனக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆணையர்களையும் ஷெரிஃப்பையும் கொண்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முடிவுகள் கவுண்டிவாரியாக வெளியாகின்றன. தொகுதி எல்லைகள், பள்ளி நிதி, நலத்திட்ட ஒதுக்கீடு முதலியவற்றுக்கு இவ்வெண்களே அடிப்படை.

புளோரிடாவை ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா 1821இல் பெற்றபோது, இராணுவ ஆளுநராக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சன் அப்பகுதியை இரண்டே கவுண்டிகளாகப் பிரித்தார். சுவானி ஆற்றுக்கு மேற்கே எஸ்கம்பியா; கிழக்கே செயின்ட் ஜான்ஸ். இன்றைய தம்பா, மியாமி, ஒர்லாண்டோ ஆகிய நகரங்கள் அமைந்துள்ள நிலம் முழுவதும் அன்று செயின்ட் ஜான்ஸில் அடங்கியிருந்தது. மன்றோ 1823இலும், ஹில்ஸ்பரோ 1834இலும், டேட் 1836இலும், ஒசியோலா 1887இலும் உருவாயின. பழைய ஆவணங்களில் உள்ள கவுண்டிப் பெயரை இன்றைய எல்லையோடு ஒப்பிடும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும்.

செயின்ட் ஜான்ஸ்: அடைக்கலத்தின் காலம்

ஸ்பானியப் பயணக் குழுக்களில் ஆப்பிரிக்கர் தொடக்கம் முதலே இருந்தனர். மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்த ஹுவான் கரிதோ, 1513இல் போன்சே தெ லெயோனின் புளோரிடாப் பயணத்தில் பங்கேற்றவர். மொரோக்கோவின் அசெம்மூர் நகரைச் சேர்ந்த எஸ்தெவானிகோ, 1528இல் தம்பா விரிகுடாப் பகுதியில் இறங்கிய நார்வாயெஸ் குழுவில் அடிமையாக வந்தவர். அக்குழுவில் உயிர் பிழைத்து மெக்சிக்கோ சென்றடைந்த நால்வரில் அவரும் ஒருவர்.

நிலையான குடியேற்றம் 1565இல் செயின்ட் அகஸ்டின் நகரோடு தொடங்கியது. அதே ஆண்டில் செவில் நகரிலிருந்து வந்த லூயிசா தெ ஆப்ரேகோ என்ற சுதந்திரக் கறுப்பினப் பெண்ணும் மிகேல் ரோட்ரிகெஸ் என்ற ஸ்பானியப் படைவீரரும் அங்கு மணம் செய்துகொண்டனர். இன்றைய அமெரிக்கப் பெருநிலப்பரப்பில் ஆவணச் சான்றுள்ள முதல் கிறித்தவத் திருமணமாக இது கருதப்படுகிறது. அந்நகரின் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளில் கறுப்பினக் குழந்தைகளின் திருமுழுக்கு 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இடம்பெறுகிறது. வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேற்றங்கள் வேரூன்றுவதற்கு முன்பே ஸ்பானிய மொழி பேசும் கறுப்பின மக்கள் இங்கு வாழ்ந்தனர் என்பதற்கு இவை சான்று.

இரண்டு பேரரசுகளின் போட்டி இம்மக்கள்தொகையைப் பெருக்கியது. 1687இல் ஆங்கிலேயக் கரோலினாவிலிருந்து எட்டு ஆண்களும் இரண்டு பெண்களும் ஒரு கைக்குழந்தையும் படகில் தப்பி செயின்ட் அகஸ்டின் வந்து அடைக்கலம் கேட்டனர். திருப்பி அனுப்பும்படி ஆங்கிலேயர் கேட்டதை ஸ்பானிய ஆளுநர் ஏற்கவில்லை. 1693இல் மன்னர் இரண்டாம் கார்லோஸ், கத்தோலிக்க சமயத்தை ஏற்கும் தப்பியோடிகளுக்கு விடுதலை அளிக்கும் ஆணையை வெளியிட்டார். இதில் இரக்கத்தைவிட அரசியல் கணக்கு மிகுதி. எதிரியின் தோட்டங்களில் உழைப்பைக் குறைக்கவும், தன் எல்லையில் காவலரைக் கூட்டவும் அவ்வாணை உதவியது. ஸ்பானியப் புளோரிடாவுக்குள்ளேயே அடிமைமுறை தொடர்ந்தது. விடுதலை கேட்டு வந்தவர்களுள் சிலர் மீண்டும் விற்கப்பட்டதும் உண்டு.

மாண்டிங்கா இனத்தைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ மெனெண்டெஸ் அவ்வாறு அடிமைப்பட்டிருந்தவர். தமக்கும் தம்மைப் போன்றோருக்கும் ஆணையின்படி விடுதலை தரக் கோரி அவர் மனு மேல் மனு அளித்தார். 1738இல் ஆளுநர் மனுவேல் தெ மோந்தியானோ அக்கோரிக்கையை ஏற்றார். நகருக்கு வடக்கே ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவில் கிராசியா ரியால் தெ சாந்தா தெரெசா தெ மோசே என்ற குடியிருப்பு அமைந்தது. இன்று மோசே கோட்டை என வழங்கும் இது, இன்றைய ஐக்கிய அமெரிக்க எல்லைக்குள் சட்டப்படி அமைந்த முதல் சுதந்திரக் கறுப்பினக் குடியிருப்பாகும். மெனெண்டெஸ் அதன் படைத்தலைவரானார். 1740இல் ஜார்ஜியாவின் ஜேம்ஸ் ஓகில்தோர்ப் படையெடுத்து வந்தபோது இக்கோட்டை ஆங்கிலேயர் கையில் விழுந்தது. மோசேயின் காவல்படையும் ஸ்பானியப் படையும் சேர்ந்து தாக்கி அதை மீட்டன. சிதைந்த கோட்டை 1752இல் அருகிலேயே மீண்டும் எழுப்பப்பட்டது.

1759இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி மோசேயில் 37 ஆண்கள், 15 பெண்கள், 7 சிறுவர், 8 சிறுமியர் என 67 பேர் இருந்தனர். ஆப்ரோ-ஹிஸ்பானிக் சமூகம் ஒன்று தனியாக, வீடு வீடாக எண்ணப்பட்ட அரிய ஆவணம் இது. நான்கே ஆண்டுகளில் அச்சமூகம் இடம்பெயர்ந்தது. 1763இன் பாரிஸ் உடன்படிக்கையால் புளோரிடா பிரித்தானியருக்குச் சென்றது. ஆங்கிலேயர் ஆட்சியில் மீண்டும் அடிமைகளாக நேரும் என்பதால் மோசே மக்கள் ஸ்பானியரோடு கப்பலேறிக் கியூபாவின் மத்தான்சாஸ் பகுதிக்குச் சென்றனர். கோட்டை இருந்த இடம் சதுப்பில் மறைந்தது. 1980களில் தொல்லியலாளர் கேத்லீன் டீகன் அகழாய்விலும், வரலாற்றாளர் ஜேன் லாண்டர்ஸ் ஸ்பானிய ஆவணக் காப்பகங்களிலும் மேற்கொண்ட ஆய்வுகளே இக்குடியிருப்பை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொணர்ந்தன. 1994இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

1821: மூன்றடுக்கிலிருந்து இரண்டடுக்குக்கு

புளோரிடா 1784இல் ஸ்பெயினுக்குத் திரும்பியது. தப்பி வருவோருக்கு விடுதலை அளிக்கும் கொள்கை, புதிய அமெரிக்க அரசின் நெருக்குதலால் 1790இல் கைவிடப்பட்டது. ஆயினும் சுதந்திரக் கறுப்பினத்தவர் நிலம் வைத்திருந்தனர், தொழில் நடத்தினர், காவல்படையில் பணியாற்றினர். ஹெய்ட்டிப் புரட்சியில் ஸ்பெயின் பக்கம் நின்று போரிட்ட தளபதி ஜார்ஜ் பியாசு 1796இல் செயின்ட் அகஸ்டினில் குடியேறி, அங்கே 1801இல் மறைந்தார். மேற்கே பென்சகோலாவில் ஸ்பானிய, பிரெஞ்சு, ஆப்பிரிக்கக் கலப்பில் தோன்றிய கிரியோல் குடும்பங்கள் தனிச் சமூகமாக வாழ்ந்தன.

ஸ்பானியச் சமூகம் சமத்துவமானதன்று. ஆனால் வெள்ளையர், சுதந்திரமான நிறத்தவர், அடிமைகள் என்ற மூன்று நிலைகளை அதன் சட்டம் அறிந்திருந்தது. அமெரிக்க ஆட்சி வந்ததும் நடுநிலை நசுங்கியது. புளோரிடாவைக் கைமாற்றிய உடன்படிக்கை அங்குள்ள மக்களுக்குக் குடியுரிமைப் பாதுகாப்பை உறுதியளித்திருந்தும், சுதந்திரக் கறுப்பினத்தவர் மீது தனி வரிகளும் நடமாட்டத் தடைகளும் விதிக்கப்பட்டன. பின்னர் அவர்கள் வெள்ளைக் காப்பாளர் ஒருவரின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்ற சட்டமும் வந்தது.

விளைவு, வெளியேற்றம். 1821இலேயே செயின்ட் அகஸ்டினின் சுதந்திரக் கறுப்பினக் குடும்பங்கள் பல கியூபாவுக்குச் சென்றன. இன்றைய டுவால் கவுண்டியில் தோட்டம் நடத்திய செபனையா கிங்ஸ்லியின் மனைவி அன்னா, செனகல் பகுதியிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, ஸ்பானியச் சட்டப்படி 1811இல் விடுதலை பெற்றவர். அவர் 1830களின் பிற்பகுதியில் ஹெய்ட்டித் தீவுக்குப் பெயர்ந்தார். 1857இல் பென்சகோலாவின் சுதந்திர நிறத்தவர் குழு ஒன்று மெக்சிக்கோவின் தம்பிக்கோ துறைமுகத்துக்குக் கப்பலேறியது. மாநிலத்தின் முதல் இரண்டு கவுண்டிகளும் தம் முதல் ஆப்ரோ-ஹிஸ்பானிக் சமூகங்களைப் பெரும்பாலும் இழந்தன. எஞ்சியோர் "கறுப்பர்" என்ற ஒரே பெயருக்குள் சென்று சேர்ந்தனர்.

மன்றோ: கீ வெஸ்டின் சுருட்டுத் தொழிலாளர்

இரண்டாம் அலை கியூபாவின் விடுதலைப் போரால் தோன்றியது. 1868இல் தொடங்கிய பத்தாண்டுப் போரின்போது, கியூபாவிலிருந்து ஏறத்தாழ 90 மைல் தொலைவில் உள்ள கீ வெஸ்ட் தீவு அகதிகளின் புகலிடமாயிற்று. சுருட்டு ஆலை உரிமையாளர்களும் அங்குத் தொழிலை மாற்றினர். வின்சென்டே மார்ட்டினெஸ் ஈபோர் 1869இல் தம் ஆலையை அங்கு நிறுவினார். இலை கியூபாவிலிருந்து வந்தது, சந்தை அமெரிக்காவில் இருந்தது, உழைப்பு அகதிகளுடையது. 1890இல் கீ வெஸ்ட் மாநிலத்தின் மிகப் பெரிய நகரமாக இருந்தது.

சுருட்டு உருட்டும் மேசையில் வெள்ளைக் கியூபரும் கறுப்பினக் கியூபரும் அருகருகே அமர்ந்து வேலை செய்தனர். ஆலையில் வாசிப்பாளர் ஒருவர் உயர்ந்த மேடையில் அமர்ந்து நாளிதழ்களையும் புதினங்களையும் உரக்கப் படித்தார். அவருக்குரிய ஊதியத்தைத் தொழிலாளர்களே பகிர்ந்து கொடுத்தனர். 1871இல் கியூப அகதிகள் நிறுவிய சான் கார்லோஸ் கழகத்தின் பள்ளி, நிறவேறுபாடின்றிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டது. புளோரிடாவின் 1885 அரசமைப்பு வெள்ளை, கறுப்புப் பிள்ளைகளைப் பொதுப் பள்ளியில் ஒன்றாகக் கற்பிக்கத் தடை விதித்த காலம் அது.

ஹில்ஸ்பரோ: ஈபோர் சிட்டியும் மார்த்தி-மாசேயோ சங்கமும்

தொழிலாளர் போராட்டங்களாலும், 1886இன் பெருந்தீயாலும் கீ வெஸ்டின் ஆதிக்கம் தளர்ந்தது. ஈபோர் தம்பா நகருக்கு வடகிழக்கே நிலம் வாங்கி ஆலை நகர் ஒன்றை எழுப்பினார். ஈபோர் சிட்டி எனப்பட்ட அது 1887இல் தம்பாவோடு இணைக்கப்பட்டது. கியூபர், ஸ்பானியர், இத்தாலியர் எனப் பல்லாயிரவர் குடியேறினர். கியூபரில் ஒரு பகுதியினர் கறுப்பினத்தவர்.

கியூப விடுதலை இயக்கத்தின் தலைவர் ஹோசே மார்த்தி 1891 நவம்பரில் முதன்முறையாகத் தம்பா வந்தார். இனமற்ற கியூபா என்பது அவரது அரசியலின் மையம். அவரது நம்பிக்கைக்குரியவர்களுள் பவுலினா பெத்ரோசோவும் அவர் கணவர் ருபெர்த்தோவும் முக்கியமானோர். இருவரும் கறுப்பினக் கியூபர். 1892இல் மார்த்தியை நஞ்சிட்டுக் கொல்ல முயற்சி நடந்ததன் பின், தம்பாவில் அவர் தங்கியது இவர்கள் வீட்டில்தான். வீதியில் அவர்கள் இருவரோடும் கைகோத்து நடந்து, தாம் யார் பக்கம் என்பதை அவர் வெளிப்படையாகக் காட்டினார் என்று கூறப்படுகிறது. அவ்வீடு இருந்த இடம் இன்று மார்த்தி பெயரிலான பூங்கா. அந்நிலம் கியூப நாட்டின் உடைமையாகப் பதிவு செய்யப்பட்டது.

போர் முடிந்ததும் அந்த ஒற்றுமை முறிந்தது. ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896இல் பிளெஸ்ஸி வழக்கில் நிறப்பிரிவினையைச் சட்டபூர்வமானதென ஏற்றிருந்தது. புளோரிடாவில் பள்ளி, தொடர்வண்டி, திருமணம் என எல்லாவற்றிலும் பிரிவினைச் சட்டங்கள் இறுகின. 1899இல் இரு நிறத்துக் கியூபரும் சேர்ந்து தொடங்கிய சங்கம் ஓராண்டுக்குள் பிளந்தது. கறுப்பின உறுப்பினர்கள் 1900 அக்டோபரில் "மார்த்தி, மாசேயோவின் சுதந்திரச் சிந்தனையாளர்கள்" என்ற பொருள்படும் தனிச் சங்கத்தை நிறுவினர். அது 1904இல் மற்றொரு சங்கத்தோடு இணைந்து லா உனியோன் மார்த்தி-மாசேயோ ஆயிற்று. பெயரிலுள்ள இருவரில் மார்த்தி வெள்ளையர். 1896இல் போரில் வீழ்ந்த தளபதி அந்தோனியோ மாசேயோ கறுப்பினத்தவர். பிரிக்கப்பட்டவர்கள் தம் பெயரில் இருவரையும் விடாமல் வைத்துக்கொண்டனர். வெள்ளைக் கியூபரின் சங்கம் பின்னர் சீர்குலோ குபானோ எனப் பெயர் பெற்றது.

மார்த்தி-மாசேயோ ஒரு பரஸ்பர உதவிச் சங்கம். உறுப்பினர் சிறு சந்தா செலுத்தினர். நோய்க்கால உதவித்தொகை, மருத்துவர், மருந்து, அடக்கச் செலவு ஆகியவற்றைச் சங்கம் ஏற்றது. 1909இல் கட்டிய சொந்தக் கட்டடத்தில் நடன அரங்கமும் நாடக மேடையும் இருந்தன. நகரின் பிற அரங்குகளில் இடம் மறுக்கப்பட்டவர்களுக்கு அது ஒரு தனி உலகம்.

அவர்களின் பிள்ளைகள் இரண்டு உலகங்களில் வளர்ந்தனர். ஆலையிலும் வீட்டிலும் ஸ்பானியம். பள்ளியில் ஆங்கிலம் பேசும் கறுப்பின அமெரிக்கப் பிள்ளைகளோடு கல்வி. 1919இல் பிறந்து ஈபோர் சிட்டியில் வளர்ந்த எவெலியோ கிரியோ தம் தன்வரலாற்றில் இதை விரிவாகப் பதிவு செய்துள்ளார். வெள்ளைக் கியூபர் காலப்போக்கில் லத்தீனர் என்ற அடையாளத்தோடு நகர அரசியலில் ஏற முடிந்தது. கறுப்பினக் கியூபருக்கு மேற்படிப்பும் உத்தியோகமும் கறுப்பின அமெரிக்கரின் பள்ளிகள், கல்லூரிகள் வழியாகவே கிட்டின. மொழியால் ஒரு சமூகத்தோடும், சட்டத்தால் மற்றொரு சமூகத்தோடும் அவர்கள் பிணைக்கப்பட்டனர்.

1930களின் பொருளாதாரப் பெருமந்தமும் இயந்திரச் சுருட்டும் ஆலைகளை மூடச் செய்தன. கறுப்பினக் கியூபர் பலர் நியூயார்க் சென்றனர். சங்கத்தின் பழைய கட்டடம் 1965இல் நகர்ப்புறச் சீரமைப்பின் பெயரில் இடிக்கப்பட்டது. வெள்ளையரின் சங்கக் கட்டடங்கள் பெரும்பாலும் தப்பின. மார்த்தி-மாசேயோ உறுப்பினர்கள் அதே பகுதியில் வேறொரு கட்டடத்தை வாங்கிச் சங்கத்தைத் தொடர்ந்தனர். மானுடவியலாளர் சூசன் கிரீன்பாம் 2002இல் வெளியிட்ட ஆய்வு நூல், தம்பாவின் இச்சமூகத்தைப் பற்றிய முதன்மையான பதிவாகும்.

மியாமி-டேட்: நாடுகடந்தோரின் தலைநகர்

1959இன் கியூபப் புரட்சிக்குப் பின் வந்த குடியேற்றம் புளோரிடாவின் ஹிஸ்பானிக் வரைபடத்தையே மாற்றியது. ஆனால் அதன் முதல் அலைகளில் கறுப்பினத்தவர் மிகக் குறைவு. 1953இன் கியூபக் கணக்கெடுப்பில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்று மேற்பட்டோர் வெள்ளையரல்லாதோர். 1970இல் ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த கியூபரில் கறுப்பினத்தவராகப் பதிவானோர் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. வெளியேறியவர்களில் சொத்துடைய வகுப்பினரே முதலில் மிகுந்திருந்ததும், முன்பே அமெரிக்காவில் இருந்த உறவினர் வழியாகப் பின்வந்தோர் அழைக்கப்பட்டதும் இதற்குக் காரணங்கள். நிறப்பிரிவினை நிலவிய தென்மாநிலம் என்ற அச்சமும் உண்டு. கறுப்பினக் கியூபரில் பலர் மியாமியைத் தவிர்த்து நியூயார்க், நியூ ஜெர்சிப் பக்கம் சென்றனர்.

1980 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மரியேல் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 1,25,000 கியூபர் படகுகளில் வந்தனர். அவர்களில் கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் முந்தைய அலைகளைவிடக் கணிசமாகக் கூடுதல். படகுகள் பெரும்பாலும் ஒதுங்கியது மன்றோ கவுண்டியின் கீ வெஸ்டில். அங்கிருந்து மக்கள் மியாமிக்கும் முகாம்களுக்கும் அனுப்பப்பட்டனர். அதே ஆண்டு மே மாதத்தில், ஆர்தர் மெக்டபி என்ற கறுப்பின அமெரிக்கரின் மரணத்தில் குற்றஞ்சாட்டப்பட்ட காவலர்கள் விடுவிக்கப்பட்டதால் மியாமியில் கலவரம் வெடித்தது. 18 பேர் இறந்தனர். கறுப்பின அமெரிக்கரும் கியூபரும் வேலைக்கும் வீட்டுக்கும் போட்டியிடும் இரு தரப்புகள் என்ற பேச்சு வலுத்த அந்த நாட்களில், கறுப்பினக் கியூபர் இரண்டு தரப்பிலும் அடங்கியிருந்தும் எதிலும் குரலற்றவராயினர்.

1994இல் தெப்பங்களில் கடல் கடந்த 30,000க்கும் மேற்பட்ட கியூபரிலும் கறுப்பினத்தவர் இருந்தனர். இதற்கிடையே டொமினிக்கன் குடியரசினர் மியாமியின் அலப்பாட்டாப் பகுதியில் திரண்டனர். அதன் ஒரு பகுதி லிட்டில் சாண்டோ டொமிங்கோ என வழங்குகிறது. ஹொண்டுராசின் கரீஃபுனா மக்கள், பனாமா, கொலம்பியா, வெனிசுவேலா நாடுகளின் கறுப்பினத்தவர் ஆகியோரும் சேர்ந்தனர். வடக்கே பிராவர்டு கவுண்டிக்கும் இக்குடும்பங்கள் பரவின.

2010 கணக்கெடுப்பில் மியாமி-டேடின் மக்கள்தொகை ஏறத்தாழ 25 இலட்சம். அதில் கறுப்பினத்தவர் 18.9 விழுக்காடு, ஹிஸ்பானிக் அல்லாத கறுப்பினத்தவர் 17.1 விழுக்காடு. இரண்டுக்கும் இடையிலான 1.8 விழுக்காடே, அதாவது சுமார் 45,000 பேரே, "கறுப்பினம் மட்டும்" எனக் குறித்த ஹிஸ்பானிக் மக்கள். மூன்றில் இரண்டு பங்கினர் ஹிஸ்பானிக்காக உள்ள, கரீபியக் கடலை நோக்கிய ஒரு கவுண்டிக்கு இது வியப்பூட்டும் அளவுக்குச் சிறிய எண்.

ஆரஞ்சு, ஒசியோலா: புவேர்ட்டோ ரிக்கோவின் வருகை

நான்காம் அலை கடற்கரையை விட்டு மாநிலத்தின் நடுப்பகுதிக்கு நகர்ந்தது. 1971இல் ஒர்லாண்டோ அருகே டிஸ்னி வேர்ல்டு திறக்கப்பட்டது. தங்கும் விடுதிகளும் கட்டுமானமும் வேலை தந்தன. ஒசியோலாவின் பியூனாவென்ச்சுரா லேக்ஸ் போன்ற புதிய குடியிருப்புகளின் வீட்டுமனைகள் புவேர்ட்டோ ரிக்கோவிலேயே விளம்பரப்படுத்தி விற்கப்பட்டன. நியூயார்க்கின் குளிரிலிருந்து ஓய்வுபெற்று வந்தோரும் சேர்ந்தனர். 1917 முதல் அமெரிக்கக் குடிமக்களாக உள்ள புவேர்ட்டோ ரிக்கர்களுக்கு விசா தேவையில்லை. புளோரிடாவில் பதிவு செய்ததும் வாக்குரிமையும் உண்டு. 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி தீவைச் சிதைத்தபின் வருகை மேலும் கூடியது. 2020இல் ஒசியோலாவின் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஹிஸ்பானிக்.

இவர்களில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் எத்தனை பேர் என்பதற்குத் தீவின் கணக்கெடுப்புகளே தடுமாற்றமான விடை தருகின்றன. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவில் 75.8 விழுக்காட்டினர் வெள்ளையர் எனப் பதிவாயினர். 2020இல் "வெள்ளையர் மட்டும்" 17.1 விழுக்காடாகச் சரிந்து, "இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனங்கள்" 49.8 விழுக்காடாயிற்று. பத்தாண்டில் மக்கள் மாறிவிடவில்லை. தம்மைக் குறித்துக்கொள்ளும் விதமும், எழுதியதை அரசு குறியீடாக மாற்றும் விதமும் மாறின.

எண்ணும் முறையும் மறையும் மக்களும்

ஐக்கிய அமெரிக்கக் கணக்கெடுப்பு 1970இல் மாதிரிக் குடும்பங்களிடமும், 1980 முதல் அனைவரிடமும் ஹிஸ்பானிக் பூர்வீகம் குறித்துக் கேட்டது. இனம் தனி வினா. கொள்கையளவில் ஒருவர் ஹிஸ்பானிக் என்றும் கறுப்பினம் என்றும் ஒருசேரக் குறிக்கலாம். 2000 முதல் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களையும் குறிக்க முடிந்தது.

நடைமுறை வேறு. 2010இல் நாடு முழுவதும் 5 கோடிக்கும் மேற்பட்ட ஹிஸ்பானிக் மக்களில் "கறுப்பினம் மட்டும்" எனக் குறித்தோர் 12.4 இலட்சம், அதாவது 2.5 விழுக்காடு. 2020இல் இது சுமார் 11.6 இலட்சமாகக் குறைந்தது. ஆனால் பியூ ஆய்வு மையம் 2014இல் நடத்திய கருத்தாய்வில் நேரடியாகக் கேட்டபோது, லத்தீனோ வயதுவந்தோரில் 24 விழுக்காட்டினர் தம்மை ஆப்ரோ-லத்தீனோ என்றனர். அவ்வாறு சொன்னவர்களிடமே இனம் எது என்று கேட்டால், கறுப்பினம் என்றோர் 18 விழுக்காடு. வெள்ளையினம் என்றோர் 39 விழுக்காடு. பின்னர் வேறு முறையில் கணித்த அதே மையம், 2020இல் அத்தகைய வயதுவந்தோர் ஏறத்தாழ 60 இலட்சம் என்றது. அவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் தம்மை ஹிஸ்பானிக் எனக் குறிப்பதில்லை. ஒரே மக்களுக்கு 12 இலட்சம் முதல் 60 இலட்சம் வரை விடை கிடைக்கிறது.

இதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது, லத்தீன் அமெரிக்க நாடுகளில் நிறத்தைக் குறிக்கப் பல இடைநிலைச் சொற்கள் உண்டு; அமெரிக்கப் படிவத்தில் அவற்றுக்கு இடமில்லை. இரண்டாவது, "கறுப்பர்" என்ற சொல்லைக் கறுப்பின அமெரிக்கரை மட்டும் குறிப்பதாகப் பலர் கருதுகின்றனர். 2020 படிவத்தில் அப்பெட்டியின் கீழ் எடுத்துக்காட்டுகளாக ஜமைக்கர், ஹெய்ட்டியர், நைஜீரியர் முதலியோர் இருந்தனர். ஸ்பானிய மொழி பேசும் நாடு ஒன்றும் இல்லை. மூன்றாவது, கறுப்பர் எனப் பதிவாவதால் நேரும் இழப்பு. தம்பாவின் வரலாறு காட்டுவதுபோல, அச்சொல் பள்ளியையும் வீட்டையும் வாக்கையும் தீர்மானித்த மாநிலம் இது.

விளைவுகள் எண்களோடு முடிவதில்லை. மியாமி-டேடில் கவுண்டி ஆணையர்களை முழுக் கவுண்டியும் சேர்ந்து தேர்ந்தெடுத்த முறையை எதிர்த்துக் கறுப்பின, ஹிஸ்பானிக் வாக்காளர்கள் வழக்குத் தொடர்ந்தனர். அவர்கள் வென்றதால் 1993இல் 13 தனித்தொகுதிகள் அமைந்தன. புறக்கணிக்கப்பட்டோர் பலருக்கு அது பிரதிநிதித்துவம் தந்தது. எனினும் தொகுதிகள் கறுப்பினப் பெரும்பான்மை, ஹிஸ்பானிக் பெரும்பான்மை என்றே பேசப்பட்டன. இரண்டுமாக உள்ள ஒருவர் எந்தக் கணக்கில் சேர்வார் என்பது வரைபடம் வரைவோரின் முடிவாயிற்று.

2024 மார்ச்சில் கூட்டாட்சி அரசு, இனத்தையும் ஹிஸ்பானிக் பூர்வீகத்தையும் ஒரே வினாவாக இணைக்கும் விதியை வெளியிட்டது. பொருந்தும் பெட்டிகள் அனைத்தையும் குறிக்கலாம் என்பதால் இது எளிது என்றனர் ஆதரித்தோர். ஹிஸ்பானிக் பெட்டியை மட்டும் குறித்துவிட்டு நிறுத்துவோர் கூடுவதால் ஆப்ரோ-லத்தீனோ மக்கள் மேலும் மறைவர் என்று அச்சமூக அமைப்புகள் எதிர்த்தன.

நினைவிடங்கள்

செயின்ட் ஜான்ஸ் கவுண்டியின் மோசே கோட்டை இன்று மாநில வரலாற்றுப் பூங்கா. டுவால் கவுண்டியில் கிங்ஸ்லி தோட்டம் தேசியப் பூங்காத் துறையின் பாதுகாப்பில் உள்ளது. கீ வெஸ்டில் சான் கார்லோஸ் கழகமும், தம்பாவில் மார்த்தி பூங்காவும் மார்த்தி-மாசேயோ சங்கமும் நிற்கின்றன. இவற்றுள் மோசேயின் மக்கள் அனைவரும், ஈபோர் சிட்டியின் கறுப்பினக் கியூபர் பலரும் அந்தந்தக் கவுண்டியைவிட்டு வெளியேறியவர்கள். ஆகவே இன்றைய கவுண்டி அட்டவணையில் ஓர் எண் சிறியதாக இருந்தால், அங்கு யாரும் வரவில்லை என்று பொருளாகாது. வந்து, எண்ணப்பட்டு, பின் அகற்றப்பட்டிருக்கலாம். அல்லது இன்றும் அங்கேயே வேறொரு பத்தியில் பதிவாகி வாழ்ந்துகொண்டிருக்கலாம்.